சுவத்துப் பக்கமும் ஒரு பைப்பு

இல்ல தம்பி, அந்த மயில் படத்த வெளிய வெக்காதீங்க, உள்ள வைங்க. ஆமா, போன தடவ உங்க பட்டறைக்கு வந்தப்ப மயில்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னது நான்தான். அது அவரு காதுல விழறதுக்காகக் கேட்டது. எனக்கு எதுக்கு மயிலு? எனக்கு வேண்டியதெல்லாம் கைப்பிடிக்கு உருண்டை பைப்பு. கையால சுத்திப் பிடிச்சா விரல் வந்து ஒட்டணும். மாடிப்படில கீழேருந்து மேல வரைக்கும், திறந்திருக்கற பக்கம் ஒண்ணு, சுவத்துப் பக்கமும் ஒண்ணு. அவரு முக்குக் கடைல வண்டிக்குக் காத்தடிச்சிட்டு இருக்காரு, இப்ப வந்துருவாரு. அதுக்குள்ள நாம பேசி முடிச்சுரணும். வந்தப்புறம் அவரேதான் முடிவு பண்ணணும். நீங்க தலைய மட்டும் ஆட்டுங்க, போதும்.

எங்க வீட்டுக்காரரு தங்கமான மனுஷன் தம்பி. என்ன, நான் கிழக்குன்னா அவரு மேற்கு. நான் சாதா பைப்பு போதும்னு சொல்லிருந்தா, இந்நேரம் எங்க படில யானையும் குதிரையும் நின்னுட்டிருக்கும். அதனால நான் மயில் கேட்டேன். அவரு உடனே, மயில் வாலு இறங்கறவன் இடுப்புல குத்தும், புடவை மாட்டும்னாரு. அப்படியா, சரி, அப்ப திராட்சைக் கொத்துன்னேன். என் நாத்தனா வீட்டுல திராட்சைக் கொத்துதான் வெச்சிருக்காங்க, நீங்க பாக்கணுமே. ஒவ்வொண்ணும் எலுமிச்சங்கா சைஸு. அந்தப் படில ஏறுன யாரும் முழுத் துணியோட இறங்குனதில்ல. காய்கறிப் பை மாட்டிக் கிழிஞ்சு வெங்காயம் பூரா வாசல் வரைக்கும் உருண்டு போச்சு ஒரு நாளு. அதெல்லாம் அவருக்கு ஞாபகம் வந்துருச்சு, வேண்டவே வேண்டாம்னுட்டாரு. நான் மூஞ்சத் தூக்கி வெச்சுக்கிட்டேன். உள்ளுக்குள்ள சிரிப்பு தாங்கல.

பொண்ணு வேற ஃபோன்ல, அம்மா, சங்கீதக் குறியீடு மாதிரி வைங்க, அழகாருக்கும்ங்கறா. அவரு சொல்றாரு, பக்கத்து வீட்டுக்காரருக்குப் பாட்டு தெரியும், படிய ஏறிப் பாத்துட்டு பாட ஆரம்பிச்சுட்டா யாரு நிறுத்தறதுன்னு. அதுவும் நியாயந்தான்.

இதுவரைக்குமா? இதுவரைக்கும் படிக்குக் கைப்பிடியே இல்ல தம்பி, அதான் சொல்றேன். வீடு கட்டுனப்பலேருந்து மொட்டையாத்தான் நிக்குது. டிசைன் முடிவாகட்டும், முடிவாகட்டும்னு, ரெண்டு கம்ப நட்டு நைலான் கயித்தக் கட்டி வெச்சிருக்கோம். கயிறு கட்டுனா சும்மா இருக்குமா, அதுல துணி காயப் போட்டாச்சு. வர்ற விருந்தாளி எல்லாம் ஈரத் துண்டப் பிடிச்சிட்டு ஏறுவாங்க. எங்க சம்பந்தி முதல் தடவ வந்தப்ப அவங்க கைக்கு வந்தது இவரோட பனியன். அத விடாம பிடிச்சிட்டே மேல வரைக்கும் வந்தாங்க பாவம், மரியாதக்காரங்க.

சும்மா இருந்தோமான்னா, அதுவும் இல்ல. எந்தத் தெருவுல மாடிப்படி தெரிஞ்சாலும் வண்டிய நிறுத்திருவோம். ஒரு வீட்டுல வாசல்ல யாரும் இல்ல, கதவு திறந்திருக்கு. இவரு பாட்டுக்கு உள்ள போயி படிக் கம்பிய சாண் போட்டு அளக்கறாரு. அந்த வீட்டு அம்மா வந்து, வாங்க வாங்க, மாடி போர்ஷன் பாக்க வந்தீங்களான்னாங்க. ஆமான்னுட்டாரு இந்த மனுஷன். அப்புறம் என்ன, மேல கூட்டிட்டுப் போயி ஒவ்வொரு ரூமா காட்டறாங்க. குழாயத் திறந்து காட்டறாங்க. இவரு குளியலறைல போயி, ஜன்னல் கொஞ்சம் பெருசா இருந்திருக்கலாம்ங்கறாரு. வாடகையக் குறைச்சுக் கேக்கறாரு. அவங்க குறைச்சுட்டாங்க தம்பி. எங்களுக்கு வெளிய வர வழி தெரியல. வீட்டுல பேசிட்டுச் சொல்றோம்னு ஓடி வந்தோம். இப்பவும் அந்தத் தெரு வழியா நாங்க போறதில்ல, சுத்திதான் போறோம்.

அது சரி, சுவத்துப் பக்கம் எதுக்குன்னு கேக்கறீங்க. சுவத்துக்குள்ள யாரு விழப் போறாங்கன்னு அவரும் அதான் கேப்பாரு. அவரு கேட்டா, அம்மாவுக்கு முட்டி வலிக்குதாம், ரெண்டு கையும் ஊணி ஏறணுமாம்னு சொல்லுங்க. அதுக்காகவே வீட்டுல நொண்டிக்கிட்டு இருக்கேன். கஷ்டமான வேலை தம்பி அது. அடுப்பாண்ட போறப்ப வலது காலு, வர்றப்ப இடது காலு, மாறிப் போயிருது. அவரு ஒரு நாளு பாத்துட்டு, என்ன இந்தப் பக்கம் இறங்கிருச்சான்னாரு. ஆமாங்க, வாயு, அது ஓடும்னேன். நம்பிட்டாரு.

என்ன சிரிக்கறீங்க? ஓ, பாத்துட்டீங்களா, நான் அந்தக் கம்பிக் குவியலத் தாண்டி வந்தத. சரி, பாத்தாச்சு. முட்டிக்கு ஒண்ணும் இல்ல. கல்லு மாதிரி இருக்கு. நீங்க வாயத் திறக்காதீங்க, அவ்வளவுதான்.

இன்னொண்ணு சொல்லணும், இதான் முக்கியம். மேல பைப்பு முடிவாகிருச்சு, சரி. கீழ வர்ற கம்பிங்களுக்கு அவரு ஒரு டிசைன் சொல்லுவாரு. அலை டிசைன்னு பேரு வெச்சிருக்காரு. வாயால சொல்ல மாட்டாரு, உங்க பட்டறைத் தரையிலயே சாக்பீஸால வரைஞ்சு காட்டுவாரு. அவரு போர்டு எழுதறவரு, தெரியும்ல? உங்க கடை போர்டு கூட அவரு எழுதுனதுதான், நிமிந்து பாருங்க. ஸ்கேலு, நூலு எதுவும் கிடையாது, கைய ஒரு இழுப்பு இழுத்தாருன்னா கோடு அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நேரா நிக்கும். அதுல அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் கூட உண்டு.

எல்லா டிசைனும் அவரு படிச் சுவத்துல நிஜ அளவுல வரைஞ்சுதான் பாப்பாரு. அன்னிக்கு நேர்க்கம்பி போதும்னு சொல்லிட்டு வரைய உக்காந்தாரு. நான் மேல துணி எடுத்துட்டு நிக்கறேன், அவருக்குத் தெரியாது. கோடு இழுக்கறாரு, அது வளையுது. அழிச்சிட்டு மறுபடியும் இழுக்கறாரு, மறுபடியும் வளையுது. இடது கையால வலது கை மணிக்கட்டப் பிடிச்சிட்டு இழுக்கறாரு. சுவரு முழுக்க வெள்ளையாப் போச்சு. நான் செருப்ப சத்தமா தேச்சிட்டு இறங்கி வந்தேன். திரும்பிப் பாத்துட்டு, இது அலை டிசைன், இப்ப எல்லாரும் இதான் வெக்கறாங்கன்னாரு. நல்லாருக்குங்கன்னேன். கிழக்கு மேற்கெல்லாம் அன்னிக்கு வரல.

கைக்கு என்னன்னு அவர்கிட்ட கேட்டேனாவா? இல்ல, கேக்கல. அவரும் சொல்லல. டாக்டர்கிட்ட போறாரு, அது தெரியும். போர்டுக்கு அளவெடுக்கப் போறேன்னு கிளம்புவாரு, டேப்பு மேசை மேலயே கிடக்கும். போன வாரம் படி ஏறறப்ப கயித்தப் பிடிச்சாரு, கைல நிக்கல. அப்படியே நடுப்படில உக்காந்துட்டாரு. என்னங்கன்னு ஓடுனா, படி தேஞ்சிருக்கான்னு பாக்கறேன்ங்கறாரு. நானும் பக்கத்துல உக்காந்து பாத்தேன், தேயலைங்கன்னு சொன்னேன். வலது கைதான் தம்பி. இறங்கறப்ப இடது கைக்குத் திறந்த பக்கம் வந்துரும். ஏறறப்ப இடது கைக்கு சுவரு மட்டுந்தான். அதான் சுவத்துப் பக்கமும் கேட்டேன்.

அழாதீங்கன்னு சொல்லாதீங்க, நான் எங்க அழறேன், உங்க பட்டறைல ஒரே தூசி. கேளுங்க. அவரு வரையறதுல ஒரு கம்பி ஒரு மாதிரி இருக்கும், அடுத்தது வேற மாதிரி இருக்கும். நீங்க சரி பண்ணிராதீங்க. அவரு கை எப்படிப் போகுதோ அப்படியே வளைச்சு வெச்சுருங்க. நேராக்கித் தரவான்னு மட்டும் தப்பித் தவறிக் கூடக் கேட்டுராதீங்க.

இதோ வண்டிச் சத்தம், வந்துட்டாரு. சாக்பீஸ எடுத்துக் குடுங்க. கீழ விழுந்துச்சுன்னா, நீங்க அந்தப் பக்கம் ஏதாச்சும் வேலையா இருங்க, அவரே எடுத்துப்பாரு.