சோற்றுப் பருக்கையால் ஒட்டிய நோட்டு

பொன்மலையிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர் திடீரென்று சொன்னார்:

“என் பொண்ணு என்னைய கார் மேல ஏறி ஆடச் சொல்லிட்டா, மேரி.”

“எதுக்குக்கா?”

“அவ பாட்டு வீடியோவுக்குத்தான். மூச்சு விடாம பாடுவாளே, அந்த ராப்பு. இன்னைக்குக் காலையில வந்திருக்கு. அதுக்குள்ள எங்க தெருவே பாடுது.”

“ஆடினீங்களா?”

“முதல்ல வெக்கமா இருந்துச்சு. அப்புறம் வீடியோ எடுத்தவங்க போதும்னு சொல்லியும் நான் நிறுத்தலை.”

மேரி விழுந்து விழுந்து சிரித்தார். “பாட்டு எதைப் பத்திக்கா?”

“நாங்க பட்ட பாட்டைப் பத்தித்தான். அவங்கப்பா போனப்புறம் ரயில்வே ஒர்க்‌ஷாப் வாசல்ல ரெண்டு பேரும் இட்லி வித்தோம்ல, அதெல்லாம் வருது. படிக்காம பாட்டு எழுதுறாளேன்னு ஒருநாள் அவ நோட்டைக் கிழிச்சுப் போட்டேன். அதையும் பாடிட்டா.”

“ஐயய்யோ!”

“கேட்டதும் எனக்கும் பக்குன்னு ஆயிடுச்சு. ஆனா அன்னைக்கே மனசு கேக்காம, அவ ஸ்கூலுக்குப் போனதும் சோத்துப் பருக்கையை வச்சு ஒவ்வொரு தாளா ஒட்டி அலமாரியில வச்சேன். நானும் சொல்லலை, அவளும் கேக்கலை. இத்தனை வருஷம் கழிச்சு, அந்த ஒட்டுன தாளைப் பார்த்துத்தான் பாடிப் பழகினேன்னு பாடுறா.”

அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். மேரி அவரது போனை வாங்கிப் பாட்டைப் போட்டார். கண்டக்டர் அருகில் வந்தார். நிறுத்தச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

“இன்னும் சத்தமா வைங்கம்மா. பின்சீட்டுல கேக்கலையாம்.”