ஊறாத படகு

தலைமை தாங்கும் பெரியவர் ஸ்ரீநிவாசராகவன் அவர்களே, மேடையில் இருக்கும் சங்கத்து நண்பர்களே, முன்வரிசையில் துயரத்தோடு அமர்ந்திருக்கும், மறைந்த நண்பரின் துணைவியார் தபீதாள் அம்மா அவர்களே, கிழக்குத் தாம்பரத்துப் பெருமக்களே, வணக்கம்.

கணித ஆசிரியர், நம் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் திரு. வேதசிரோமணி அவர்கள் மறைந்துவிட்டார்கள். அழ வேண்டிய நேரத்தில் எனக்குக் கோபம்தான் வருகிறது. அவருடைய பக்கத்து வீட்டுக்காரன் நான். துறைமுகத்தில் படகுகளோடு மாரடித்து ஓய்வு பெற்றவன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் தெருவிளக்குக்காக அலைந்தவர் யார்? வேதசிரோமணி. பெயிலான பிள்ளைகளை வீடு தேடிப்போய்ப் பாடம் சொல்லி மீட்டவர் யார்? வேதசிரோமணி. அதே வேதசிரோமணிதான் அறுபத்தெட்டாம் வருஷம் ஒரு பழைய பாய்மரப் படகை ஏலத்தில் எடுத்து, லாரியில் ஏற்றி, ஜி.எஸ்.டி. ரோடு வழியாகக் கொண்டுவந்து இறக்கினார். இரண்டு பேர் உட்காரலாம். "தபீதாளை இதுல உட்கார வெச்சு சேலையூர் ஏரிய ஒரு சுத்து சுத்தி வரணும் சார்" என்றார். இந்த ஆறு வருடத்தில் அந்த அம்மா அதில் ஒரு நாளாவது உட்கார்ந்தாரா? இல்லை.

ஏன்? வெயிலில் காய்ந்த பலகைகள் இடுக்கு விடும். தண்ணீரில் போட்டால் முதலில் ஒழுகும், படகே மூழ்கும். சில நாள் அப்படியே கிடந்தால் மரம் ஊறிப் பருத்து, இடுக்கு தானாக அடைபடும். தொண்டை வற்றச் சொன்னேன். கேட்டாரா? படகுக்குள் தண்ணீர் ஏறியதுமே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுவார்.

"சார், விடுங்க. அது ஒழுகல, ஊறுது."

"கண்ணு முன்னாடி முழுகுது. எப்படி சார் சும்மா பாத்துக்கிட்டு இருக்கிறது?"

கரைக்கு இழுத்துவந்து, நன்றாகக் காயவிட்டு, இடுக்கெல்லாம் பஞ்சும் குங்கிலியப் பிசினும் இறுக்கித் திணிப்பார். அடுத்த மழைக்கு ஏரியில் இறக்கினால், பருக்க இடமில்லாமல் மரம் ஆணியைப் பிடுங்கும், உள்சட்டத்தை முறிக்கும். புதுச் சட்டம் போடுவார். மறுபடி திணிப்பார். கணக்கு வாத்தியார் ஒரே தப்பை வருஷா வருஷம் போட்டார். எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றிய குணம்தான் அந்தப் படகைக் கெடுத்தது. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

இப்போது சங்கத்தில் ஒரு யோசனை. படகுக்கு வர்ணம் அடித்து, வாசகசாலை முன்னால் சிமெண்டு மேடை கட்டி, நினைவுச் சின்னமாக நிறுத்தலாமாம். கொளுத்துகிற வெயிலிலா? ஒரே கோடையில் அது விறகாகிவிடும். நான் ஒப்பமாட்டேன்.

நேற்று தபீதாள் அம்மாவிடம் கேட்டேன். "சின்னமெல்லாம் எனக்கு எதுக்குங்க? நான் அதுல ஏறி உட்காரணும்" என்றார்கள். அதற்குமேல் பேச்சு என்ன இருக்கிறது? முறிந்த சட்டத்தை வேதசிரோமணியே போன மாதம் மாற்றிவிட்டார். திணித்த பஞ்சை நான் பிடுங்கிவிட்டேன். ஏரியும் நிரம்பியிருக்கிறது.

ஆகவே பெருமக்களே, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து அந்தப் படகைத் தூக்கிப்போய் ஏரியில் இறக்குவோம். அது மூழ்கும். ஊறி இடுக்கு அடைபட்ட பிறகு அம்மா ஏறி உட்காரட்டும். ஒருவரும் தண்ணீரில் இறங்காமல் கரையிலேயே நிற்போம். அதுதான் நாம் அவருக்குச் செலுத்தும் அஞ்சலி. ஓடிப்போய் இழுக்க வேண்டும் என்று தோன்றும். எனக்கே தோன்றும். தயவுசெய்து என்னைப் பிடித்துக்கொள்ளுங்கள்.