பழைய நம்பர்

இந்தப் பொலிஸ் நிலையக் கதிரை ஒரு பக்கம் ஆடுகிறது. கடதாசி ஒன்றை நாலாக மடித்துக் காலுக்கடியில் வைத்துவிட்டேன், இனி ஆடாது. வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி வாசித்துக் காட்டுவதாகச் சொன்னீர்கள், மிஸ். வேண்டாம். என் பெயரில் போவதை என் மொழியில் நானே எழுதுகிறேன்.

பெயர் சஞ்சீவனி. மடுல்கெல்ல தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுப்பவளின் மகள். எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து கெம்பஸ் போய்ப் பட்டம் எடுத்த முதல் ஆள். கண்டி டவுனில் ஒரு கம்பனியில், போனில் விளையாடும் கேம் ஒன்றுக்கு உள்நுழைவு ஏபிஐ கட்டினேன். வருகிறவர் அவர்தானா என்று பார்த்து உள்ளே விடும் வாசல் அது. கிளவுட்டில் ஓடுகிறது. ஏழு மாத வேலை. ஒவ்வொரு வரியும் என்னுடையது.

தோட்டத்தில் காலையில் பெரட்டு என்று ஒன்று உண்டு. அங்கே பெயர் பதிந்தால்தான் அன்று வேலை. ஒருநாள் அம்மா காய்ச்சலோடு ஐந்து நிமிடம் பிந்திப் போனாள். கணக்கப்பிள்ளை திருப்பி அனுப்பிவிட்டார். அழுதுகொண்டு வந்தவளைப் பார்த்து நான் படித்துக்கொண்டது, விதி ஆள் பார்க்கக் கூடாது என்பதைத்தான். என் வாசலும் ஆள் பார்க்காது.

சுதர்சினி பக்கத்து லயத்துப் பிள்ளை. சொந்தக்காரர் வீட்டில் தங்கி டவுன் கொன்வென்ட்டில் படித்தவள். நான்தான் வேலைக்குச் சேர்த்துவிட்டேன். நான் கட்டுவதைச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. புருஷன் பிரதீஸை விட்டுவந்து, அம்பிட்டியவில் தனக்குத் தெரிந்த பெற்றீசியா ஆன்ட்டி வீட்டில் ஒளிந்திருந்தாள். அவன் அக்குறணையில் ஒரு கடைக்கு லொறி ஓட்டுகிறான். அவன் சுடுதண்ணீர் ஊற்றிய தழும்பு அவள் முழங்கையில் இருந்தது. பார்த்திருக்கிறேன்.

அவள் சோதனைக்குப் பாவித்த கணக்கு, அவனோடு இருந்த காலத்தில் அவன் போன் நம்பரில் திறந்தது. யாராவது புதுப் போனில் நுழைந்தால் பதிவான நம்பருக்கு, எந்த ஊரிலிருந்து என்று எச்சரிக்கை போகும். அந்த வசதியை வெள்ளிக்கிழமை திறந்துவிட இருந்தோம்.

செவ்வாய்க்கிழமை என்னிடம் வந்தாள்.

"அக்கா, அந்த நம்பர நீங்களே உள்ளுக்குப் போயி மாத்திருங்க. நான் மாத்தப்போனா கோட் நம்பர் அவரு போனுக்குத்தான் போகும்."

"ஒரு கேமுக்கா இவ்வளவு பயம்?"

"ஒங்களுக்கென்ன, கல்யாணம் கட்டாத மகாராணி. நான் இருக்கிற எடம் தெரிஞ்சா கொன்னே போட்டுருவாருக்கா."

பேச்சுக்குச் சொல்கிறாள் என்று நான் நினைத்ததாக எழுதிக்கொள்கிறேன்.

புதன்கிழமை, கேமைக் கட்டக் கொடுத்த சிங்கப்பூர்க்காரர்களுக்கு விளக்கம் கொடுக்க வேண்டும். மேலாளர் ரொஹான் என்னைப் பார்த்துச் சிரித்தார். "சஞ்சீ, ஒங்க இங்கிலீஸ்ல இன்னும் தோட்டத்து வாசம் அடிக்குது. சுதர்சினி பேசட்டும்." பேசினாள். இதை யார் கட்டியது என்று அவர்கள் கேட்டார்கள். நாங்கள் கட்டினோம் என்றாள். நான் பின் வரிசையில் இருந்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பின்னேரம், "நம்பர் மாத்திட்டீங்களாக்கா?" என்று கேட்டாள்.

மாற்றிவிட்டேன் என்றேன். மாற்றவில்லை. பழைய நம்பரின் சம்மதம் இல்லாமல் மாற்றக் கூடாது என்பது நானே எழுதிய விதி.

வியாழக்கிழமை அந்த எச்சரிக்கையில் ஒரு சிறு திருத்தம் செய்தேன். போன் இருக்கும் இடத்தை வைத்து, ஊர்ப் பெயரோடு வீதிப் பெயரும் வீட்டு இலக்கமும் போகும்படி. பாதுகாப்பு மேம்பாடு என்று குறிப்பு எழுதினேன். ரொஹான் வாசிக்காமலே சரி போட்டார். அவர் எப்போதும் அப்படித்தான்.

வெள்ளிக்கிழமை அவள் வீட்டிலிருந்து வேலை செய்தாள். பத்து மணிக்குக் கூப்பிட்டு, கம்பனி கொடுத்த புதுப் போனில் ஒருக்கா உள்ளே போய்ப் பார்க்கச் சொன்னேன். போனாள். செய்தி நாலு செக்கனில் போய்ச் சேர்ந்தது. என் ஏபிஐயில் பிழை இருக்கவில்லை, அதை நீங்கள் யாரை வைத்தும் சோதிக்கலாம்.

பத்தே காலுக்கு எழுதியிருந்தாள். "எனக்கு மெசேஜ் வரலையேக்கா."

"கொஞ்சம் பிந்தும். வீட்டுலயே இரு," என்று பதில் போட்டேன்.

அக்குறணையிலிருந்து அம்பிட்டியவுக்கு, டவுன் நெரிசலோடு, நாற்பது நிமிடம். பெற்றீசியா ஆன்ட்டி சந்தையிலிருந்து வந்து அவள் உடலைக் கண்டபோது பதினொன்றே கால் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். பிரதீஸ் செய்ததைப் பிரதீஸ் எழுதட்டும். நான் அந்த வீட்டுப் படியைக்கூட மிதித்ததில்லை.

அவள் என்னை அழைத்த நேரத்தையும் கேட்டீர்கள். பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது. மூன்று தடவை. மூன்று தடவையும் பெயரைப் பார்த்தேன். கூட்ட அறையில் இருக்கும்போது போன் எடுக்கக் கூடாது என்பது எங்கள் ஒபிஸ் விதி, மிஸ். நான் ஒருநாளும் அதை மீறியதில்லை.

அந்த அறையில் அப்போது நான் மட்டும்தான் இருந்தேன்.