கண்ணாடிக்குள் நின்ற சீருடை

விடுமுறை நாள். பிற்பகல் மூன்று மணி. கடைத்தெரு.

சிரிக்காதீர்கள்... பேய் வருவதற்கு நடுநிசியும் சுடுகாடும்தான் வேண்டும் என்று எவன் சொன்னான்? நூறு கடையும் ஷட்டரை இறக்கிவிட்ட தெருவில் தனியாக நடந்து பாருங்கள். உங்கள் செருப்புச் சத்தமே உங்களைத் துரத்தும்.

அப்படி நடந்தவர் என் நண்பனின் சகலை. துணிக்கடைப் பொம்மைகளுக்கு உடுப்பு மாட்டுவது அவர் தொழில். அன்று அவர் போனது திருடுவதற்கு. அதுவும் சொந்த முதலாளி கடையில்.

அந்த முதலாளிக்கு ஓர் அக்காள் மகன். அதே கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தான். ஒருநாள், வந்தவர் போனவர் பார்க்க அவன் கன்னத்தில் ஒன்று வைத்தார் முதலாளி. பையன் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தான். படியிறங்கிப் போனவன் பட்டாளத்தில் சேர்ந்தான். கடல் தாண்டி அனுப்பினார்கள். இருபத்திரண்டு வயதில் அங்கேயே முடிந்தது. அடக்கமெல்லாம் ஆன பிறகு ஒரு தகரப் பெட்டி வந்தது. உள்ளே அவன் சீருடை. அம்மா அதைத் துவைக்கவில்லை. மகனின் வியர்வை வாசம் அதில் மிச்சமிருந்தது.

உயிரோடு இருந்தவரை முதலாளிக்கு அவன் ‘தண்டம்’. செத்ததும் ‘எங்க வீட்டுச் சிங்கம்’. ஓராண்டு நினைவுநாள் நெருங்கியதும் அக்காள் வீட்டுக்குப் போனார்.

“ரெண்டே நாள் குடுக்கா. ஊரே பாக்கட்டும்.”

வாங்கி வந்த கையோடு வாசனை சோப்புப் போட்டுத் துவைக்கச் சொன்னார். சகலை அதைப் பொம்மைக்கு மாட்டினார். காட்சிக் கண்ணாடியில் ஒரு பலகை: ‘எங்கள் வீரனுக்கு வணக்கம்.’ அதற்குக் கீழேயே: ‘ஆண்கள் சட்டைகளுக்குச் சிறப்புத் தள்ளுபடி.’ வெட்கம் என்ற சரக்கு அந்தக் கடையில் என்றைக்குமே இருப்பில் இருந்ததில்லை.

இரண்டு நாள் இரண்டு வாரமானது. அம்மா தினமும் வந்து கண்ணாடிக்கு வெளியே நின்றாள்.

“சட்டையக் குடுத்துடுடா. நான் ஏன் இங்க வந்து நிக்கப் போறேன்?”

“இரேன்க்கா, இப்பத்தான் கூட்டம் வருது. ஓரமா நில்லு, மறைக்காத.”

பொம்மை ஒல்லி. பையனுக்கு அகலத் தோள். தொளதொளக்கும் சட்டையை முதுகுப் பக்கம் இழுத்துக் குண்டூசி குத்திவிட்டால் முன்பக்கம் கச்சிதமாக நிற்கும். முதுகை யார் பார்க்கிறார்கள்? சகலை ஏழு ஊசி குத்தியிருந்தார். மறுநாள் காலை ஏழும் தரையில்... வரிசையாக. சட்டையோ துளி தொய்வில்லாமல் நின்றது. முதுகிலும். மறுபடி குத்தினார். மறுபடி தரையில்.

“ஐயா, இதக் கழட்டிடலாம். எனக்கு என்னமோ சரியாப் படல.”

“ஊசி குத்தத் துப்பில்ல, கதை சொல்ல வந்துட்டான். நல்லாத்தான நிக்குது? ஒரு சுருக்கம் காட்டு பாப்போம்!”

அதற்கு மேல் சகலையால் அந்தத் தாயின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதனால்தான் விடுமுறை நாளில், பின்கதவுச் சாவியோடு...

உள்ளே சோப்பு வாசனை இல்லை. ஈர மண்... எந்திர எண்ணெய்... பச்சை வியர்வை. சுவர்க்கடிகாரம் டக், டக்.

பொத்தான்களைக் கழற்றினார். ஒன்று... இரண்டு... ஆறும். பொம்மையின் கை மடங்காது. தோளோடு திருகிப் பிடுங்கினால்தான் சட்டை வரும். பின்னால் போய் வலது கையைப் பிடித்துத் திருகினார். ‘க்ளக்’ என்று விடவேண்டும். விடவில்லை.

இடது கை உயர்ந்தது.

மெதுவாக... யாராவது சட்டை கழற்றிவிட்டால் நாம் வாகாகத் தூக்கிக் கொடுப்போமே, அப்படி. பிறகு, அவர் பிடியில் இருந்த வலது கையும்.

சட்டையை உருவிக்கொண்டு ஓடினார். கால்சட்டையை ஏன் விட்டார் என்கிறீர்களா? நீங்களாக இருந்தால் நின்று மடித்து, பையில் போட்டு வாங்கி வந்திருப்பீர்களாக்கும்.

மறுநாள் முதலாளி கடை திறந்தார். பொம்மை வெற்று மார்போடு, இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி நின்றது. அது எப்படி என்று அவர் யோசிக்கவில்லை. “வீரனை அவமானப்படுத்திட்டாங்களே!” என்று கதறினார். போட்டோக்காரர் வரும்வரை பொறுத்திருந்து கதறினார்.

அந்த ஆள் கிடக்கட்டும். சகலை அங்கிருந்து ஓடியது நேரே அம்மாவிடம்தான். மூச்சு வாங்கியது. பேச்சு வரவில்லை. சட்டையை நீட்டினார், அவ்வளவுதான். அவள் அதில் முகத்தைப் புதைத்தாள். வெகுநேரம் கழித்துத் தலையைத் தூக்கினாள்.

“இடது கையத்தான மொதல்ல தூக்கினான்?”

அவள் சட்டையின் இடது கையை நீவிவிட்டாள்.

“கைக்குழந்தையிலேர்ந்தே அப்படித்தான்” என்றாள்.