ஃபேன் யார் பக்கம்

— அம்மா வேலையிலருந்து வர்றதுக்குள்ள இந்த மார்க் கார்டுல கையெழுத்து போட்டுட்டுத் தூங்குண்ணா.

— கட்டைவிரலை எடு முதல்ல.

— எதுக்கு?

— மார்க்கு மேல உக்காந்திருக்கே, அதுக்கு.

— இந்தா, எடுத்துட்டேன். பாத்துக்கோ.

— கணக்குல இருபத்தொம்பதா? போன தடவை எழுபத்தி நாலு.

— போன தடவை இப்படியா வெயில் அடிச்சுது? பரீட்சை ஹாலு மேல்மாடி, தகரக் கூரை. கையை எடுத்தா பேப்பரும் ஒட்டிக்கிட்டு வருது. முன்பெஞ்சுக்காரி மயங்கியே விழுந்துட்டா. நீ படிச்சப்ப இப்படி இருந்துச்சா?

— நான் படிச்சப்ப வெயிலும் இல்ல, மூளையும் இல்ல. அதான் பாதியில வந்துட்டேன். நீயும் மயங்கினியா?

— இல்ல... தூங்கிட்டேன்.

— பரீட்சையிலயா?

— ராத்திரியெல்லாம் வீடு அடுப்பா கொதிக்குது, எங்க தூங்கறது? கொஞ்ச நேரம்தாண்ணா. மூணாவது கணக்குலருந்து ஏழாவது வரைக்கும்.

— நல்லா அளந்துதான் தூங்கியிருக்க.

— அடுத்த வாரம் மறுபடி வைக்கிறாங்க. அதுலயும் தேறலன்னா பதினொண்ணாவதுல கணக்கு குரூப் கிடையாதாம்.

— அப்ப வீட்டுல என்னதான் படிக்கிற? வெயில்னு மத்தியானமே விட்டுடறாங்க. ராத்திரி வேலை முடிச்சு வந்தாலும், இருக்கிற ஒரே ஃபேனை உன் மேஜைப் பக்கம் வச்சுட்டுத்தானே பகல்ல படுக்கிறேன்? வந்த அஞ்சாவது நிமிஷம் அதை எனக்குத் திருப்பிட்டு வெளிய போயிடற. எங்க ஊர் சுத்தற?

— ஊரா... மாடிப்படிக்குக் கீழதான் உக்காந்து படிக்கிறேன்.

— அங்க காத்து வருமா?

— கொசு வரும்... இரு இரு. நான் திருப்பறது உனக்கெப்படித் தெரியும்? குறட்டை விட்டுட்டு இருப்பியே?

— அது... சும்மா விடறது.

— சும்மாவா?

— முழிச்சிருந்தா பக்கத்துல உக்காந்து வாயடிப்ப. தூங்கறேன்னு நினைச்சா புத்தகத்தை எடுப்பன்னு பார்த்தேன்.

— நான் பக்கம் புரட்டற சத்தத்துல எழுந்துடுவியேன்னுதான் வெளிய போனேன்.

— சரியான கழுதை.

— நீதான். அப்ப பகல்ல தூங்கறதே இல்லையா?

— இந்தச் சூட்டுல எவன் தூங்குவான்?

— தூங்காம ராத்திரி கோல்டு ஸ்டோரேஜ்ல பெட்டி ஏத்தற வண்டியை எப்படி ஓட்டற?

— கையெழுத்து எங்க போடணும்? பேனாவைக் குடு.

— அண்ணா.

— ஓட்டல. ரெண்டு மாசமாச்சு. ஒருநாள் கண்ணசந்து போய் வாசல் தூண்ல மோதிட்டேன். வண்டியைப் பிடுங்கிட்டு, உள்ள ஐஸ் அறையில பெட்டி தூக்க விட்டுட்டாங்க. உன் பரீட்சை முடியட்டும், சொல்லிக்கலாம்னு...

— ம்.

— என்ன ம்? நாளையிலருந்து ஃபேன் உன் பக்கம்தான். திருப்பினா கையை ஒடிப்பேன்.

— நடுவுல வைப்போம். நீ நிஜமாவே தூங்கு, நான் உள்ளயே படிக்கிறேன். இப்ப கையெழுத்து போடு.

— இவ்வளவு சொல்றேன், உனக்கு ஒரு அதிர்ச்சியும் இல்லையா?

— வண்டி ஓட்டறப்ப இல்லாத கம்பளிக் கையுறை, இந்த வெயில்ல உன் தலகாணிக்கடியில எதுக்கு வந்துச்சுன்னு யோசிக்க மாட்டேனா? அதுல கிழிஞ்ச விரலு தானா தைச்சுக்கிச்சுன்னு நினைச்சியாண்ணா?