தெளிவான முகம்

— நிறுத்துங்கண்ணே, நிறுத்துங்க! இப்ப என் பொண்ணு முகம் தெரிஞ்சுதே!

— ஓடுறப்போ தெரியும்மா. நிறுத்தினா பாருங்க, கோடு கோடா ஆடிப்போயிடுது. வீடியோவுல இருந்து போட்டோ எடுக்கறதுல இதுதான் தொல்லை. ஆள் அசையாம நின்ன இடமாப் பார்த்துப் பிடிக்கணும்.

— அவ எங்கண்ணே அசையாம நின்னா? கால்ல சக்கரம் கட்டினவ.

— வீட்டுல ஒரு போட்டோகூடவா இல்ல?

— ஆல்பத்துல அவ இருந்ததையெல்லாம் உருவிக்கிட்டுப் போயிட்டா. காலேஜுக்குப் போறேன்னு கிளம்பினவ, போனவ போனவதான். பெத்து வளர்த்து... என்னமோ போங்க. இந்த வீடியோ கேமரா பீரோ மேல கிடந்துச்சு, அதனால தப்பிச்சுது.

— அழாதீங்கம்மா. தண்ணி குடிங்க. இது யார் வீட்டு விசேஷம்?

— என் தங்கச்சி பையன் பொறந்தநாள். அதோ, கேக் பக்கத்துல என் தங்கச்சிகூட நிக்கறா என் பொண்ணு.

— சித்திகூட எப்படிச் சிரிக்குது பாருங்க! ஆனா சைடு முகம். 'காணவில்லை' போஸ்டருக்கு நேர் முகம்தான் வேணும்.

— ஊர் பூரா ஒட்டணும்னு இவர் ஒத்தைக் கால்ல நிக்கறாரு. அவ அப்பா போய்ச் சேர்ந்த பிறகு நான் கட்டிக்கிட்டவர்தான். ஆனாலும் பாருங்க, சோறு தண்ணி இல்லாம பஸ் ஸ்டாண்டு பஸ் ஸ்டாண்டா அலையறாரு. எந்தப் பொந்துல இருந்தாலும் இழுத்துட்டு வராம விடமாட்டேங்கறாரு.

— ஒண்ணு கவனிச்சீங்களாம்மா? கேமரா கிட்ட வந்தாலே பாப்பா முகத்தைத் திருப்பிக்குது. இதோ. இங்கயும்.

— கூச்சம்ண்ணே. சின்னதுல கேமராவைக் கண்டா முதல் ஆளா வந்து நிப்பா. வளர வளர என்னமோ இப்படி ஆயிட்டா.

— ஆ, மாட்டிச்சு! நேரா பார்க்குது. ஆடல, கண்ணும் மூடல. இருங்க, கொஞ்சம் பெரிசாக்கறேன்...

— என்னண்ணே, அப்படியே உக்காந்துட்டீங்க?

— ஒண்ணுமில்லம்மா. வேற பார்க்கலாமா?

— ஏன்? இதுதானே நல்லா இருக்கு. இன்னும் பெரிசாக்குங்க... என் தங்கமே. உதடுதான் சிரிக்குது. கண்ணு ஏன் இப்படி இருக்கு? யாரைப் பார்த்து இப்படி மிரள்றா?

— கேமராவைத்தாம்மா பார்க்குது.

— சத்தம் வைங்க.

— பாட்டும் கூச்சலுமாத்தான் இருக்கும். எதுக்கு—

— வைங்கண்ணே.

— இதோ, ஓடுதும்மா.

— இன்னொரு தடவை. அந்தச் சின்னக் குரல் மட்டும்.

— அது கேமரா பிடிச்சவர் குரல்மா. மைக்குக்குப் பக்கத்துல இருக்கறதால முணுமுணுத்தாலும் பதிஞ்சிடும்.

— 'சிரிடி. நேத்து வாங்கினது உங்கம்மாவுக்குத் தெரிஞ்சுதுன்னா, அடுத்த அடி அவளுக்குத்தான்.' இதைத்தானே சொல்றாரு? என் காதுல தப்பா விழலையே?

— இல்லம்மா. எனக்கும் அப்படித்தான் கேட்டுது.

— அன்னிக்கு முழுக்கைச் சட்டை போட்டுக்கிட்டு வந்தா. இந்தப் புழுக்கத்துல எதுக்குடி இதுன்னு நான் எல்லார் முன்னாடியும் கேலி பண்ணேன். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லல, பாவி மக.

— அம்மா... கேமரா பிடிச்சது யாரு?

— வெளியில வண்டியில உக்காந்து ஹாரன் அடிக்கறாரே, கேட்குதா? அவர்தான்.

— கதவைச் சாத்தறேன். பின்னால ஒரு வழி இருக்கு. என் சம்சாரம் மாடியிலதான் இருக்கா, நீங்க அங்க போய்—

— அது அப்புறம்ண்ணே. இப்ப சந்தேகம் வந்துடக்கூடாது. அவர் கேட்ட படத்தைக் கையில குடுத்துத்தான் அவரை அனுப்பணும்.

— இந்தப் படத்தையா? இதை வெச்சு நாளைக்கே பாப்பாவைக் கண்டுபிடிச்சிடுவாரேம்மா!

— இது வேண்டாம், அழிச்சிடுங்க. வீடியோவுல இதுக்கு மேல வராதுன்னு நீங்களே அவர்கிட்ட சொல்லிடுங்க. பெத்தவளே பார்த்தாலும் இன்னாருன்னு தெரியாத மாதிரி ஒண்ணு எடுத்துக் குடுங்க.