ஹஃப்ஸா கல்லூரி சேரும் மாதத்தை மறக்காத அபயாம்பாள் டீச்சருக்கு

குடவாசல் சோழசூடாமணி மேல்நிலைப் பள்ளி வணிகவியல் முதுகலை ஆசிரியை திருமதி அபயாம்பாள் அவர்களின் பணி நிறைவு நாளில், உடன் பணியாற்றியோர் வாசித்து வழங்கும் மடல்

கணக்கைக் கதையாக்கிக் கடைசி வரிசை மாணவனையும் கண் மூடாமல் கேட்க வைத்த கனிவே! பற்றும் வரவும் பக்கம் மாறாமல் நேராகும் வரை பகல் உணவையும் மறந்த பண்பே! எவர் வந்து எதைக் கேட்டாலும், தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் ஒரே குரலில் சொல்லத் தெரிந்த ஒப்பற்ற நேர்மையே! தங்களுக்கு எங்கள் வணக்கம்.

தொழில்களுக்கெல்லாம் கதவு திறந்துவிட்டதாக நாளிதழ்கள் எழுதிக்கொண்டிருந்த ஆண்டில்தான் தாங்கள் இந்தப் பள்ளிக்கு வந்தீர்கள். பாபநாசத்துக்குப் பக்கத்தில் தங்கள் குடும்பத்துக்கு இருந்த நிலம் அதற்குள் கைமாறியிருந்தது. அண்ணன்மார் இருவரும் அடுத்தடுத்து அமெரிக்கா போய்விட்டார்கள். தாங்கள் குடவாசலை விட்டு நகரவில்லை. தங்களிடம் படித்தவர்கள் இன்று திருவாரூரில் தணிக்கை அலுவலகம் வைத்திருக்கிறார்கள், சிங்கப்பூரில் சம்பளப் பட்டியல் போடுகிறார்கள், துபாயில் கடை கடையாகக் கணக்கு எழுதுகிறார்கள். அவர்களில் பலர் இன்று இந்தப் பந்தலில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இத்தகைய மடலில் பண்புகளை வரிசையாக அடுக்குவது வழக்கம். அப்படி அடுக்கினால், கூட்டிப் பார்த்துப் பிழை கண்டுபிடித்துவிடுவீர்கள் என்ற அச்சத்தால் ஒன்றை மட்டும் விரித்துச் சொல்கிறோம். அது எங்கள் அலுவலக உதவியாளர் ஜஸீலாவிடமிருந்து தொடங்குகிறது.

ஜஸீலாவின் கணவர் சமீர் ஷார்ஜாவில் ஒரு பல்பொருள் கடையில் காசாளர். மகள் ஹஃப்ஸா மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். சமீர் அனுப்புவதில் மாதாமாதம் கொஞ்சம் ஒதுக்கி, ஹஃப்ஸா பெரியவளாகி எதைப் படிக்க விரும்பினாலும் படிக்க வைத்துவிட வேண்டும் என்பது ஜஸீலாவின் ஒரே பிடிவாதம். எங்கே ஒதுக்குவது என்பதுதான் தெரியவில்லை. மாமியார் மெஹராஜ் பேகம் நகையாக வாங்கிப்போடச் சொன்னார். ஒரு நாள் மதியம் ஜஸீலா தங்கள் அறைக்கு வந்தார்.

"நகையா எடுத்தா எங்க வீட்ல அது கழுத்து மாறிக்கிட்டே இருக்கும் டீச்சர். நாத்தனா கல்யாணம், கொழுந்தன் கடைக்கு முன்பணம்னு போயிடும். பிள்ளை படிக்கப் போறப்ப திரும்பி வராது. வேற வழி சொல்லுங்க."

இ.டி.எஃப். என்ற சொல்லை ஜஸீலா அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார். பல நிறுவனங்களின் பங்குகளை ஒரே கூடையில் போட்டு, அந்தக் கூடையின் சிறு சிறு பகுதியைப் பங்கு போலவே சந்தையில் விற்கிறார்கள். ஒரு நிறுவனம் மூழ்கினாலும் கூடை மூழ்காது. ஆண்டுக்குப் பிடித்துக்கொள்ளும் செலவும் சொற்பம். இதைச் சொல்லிவிட்டு, நாட்டின் பெரிய ஐம்பது நிறுவனங்கள் அடங்கிய கூடையைக் கணினித் திரையில் காட்டினீர்கள். ஜஸீலா அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார்.

"இதுல பேங்க் எத்தனை டீச்சர்?"

"நிறைய இருக்கு. மேல இருக்கிறதே பேங்க்தான். ஏன்மா?"

"வட்டித் தொழில்ல வர்ற லாபம் எங்களுக்கு ஆகாது. பிள்ளை படிப்புக் காசு டீச்சர். அதை உறுத்தலோட சேத்து வைக்க என்னால முடியாது."

லாபத்தைப் பார் என்று தாங்கள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. திரையை அணைத்துவிட்டு, "இதை நான் முதல்லயே கேட்டிருக்கணும். எனக்குத் தெரியல. ரெண்டு வாரம் டைம் குடு" என்றீர்கள்.

வங்கிகளையும் மதுவையும் சூதாட்டத்தையும் இஸ்லாமிய நெறிப்படி வடிகட்டிய ஒரு கூடையைத் தேடிப் பிடித்தீர்கள். ஜஸீலா பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஒருமுறை கேட்டுத் தெளிந்துகொண்டார். அதன் குறைகளையும் தாங்களே முந்திக்கொண்டு சொன்னீர்கள்.

"இது சின்னக் கூடை. தினமும் வாங்கி விக்கிறவங்க கம்மி. செலவும் மத்ததைவிடக் கொஞ்சம் கூட. போன வருஷம் எவ்வளவு ஏறிச்சுன்னு மட்டும் கேக்காத, அது அடுத்த வருஷத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லாது. நடுவுல பாதியாக்கூடக் கரையலாம். தொடாம இருப்பியா?"

"இருப்பேன் டீச்சர்."

ஜஸீலா வாங்க ஆரம்பித்த செய்தி ஆசிரியர் அறைக்கு வந்து சேர ஒரு வாரம்கூட ஆகவில்லை. அபயாம்பாள் டீச்சர் தேடிக் கண்டுபிடித்தது என்றால் நல்லதாகத்தான் இருக்கும் என்று, அது எதற்காகத் தேடப்பட்டது என்பதையே கேட்காமல் நாங்களும் வரிசையில் நின்றோம். உடற்கல்வி ஆசிரியர் நாகநாதன் முதல் ஆள். தமிழாசிரியர் ரெத்தினம் ஐயா அடுத்தவர். ஒழுங்கு தங்களுக்குப் பிடித்தமானதாயிற்றே! சம்பளம் வந்த முதல் திங்கட்கிழமை, மதிய இடைவேளை மணி அடித்ததும் எல்லோரும் வாங்கிவிட வேண்டும் என்று ஏற்பாடு செய்தீர்கள். மணி அடித்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் கைபேசியை அமுக்கினோம்.

"டீச்சர், என்ன இது? நான் பாத்த விலை ஒண்ணு, வாங்கின விலை ஒண்ணு!" என்று நாகநாதன் கத்தினார். "நாகப்பட்டினம் மீன் ஏலத்துலகூட இப்படிப் போட்டி போட்டதில்ல. ஏத்திவிட்டது ரெத்தினம் ஐயாதான்!"

"நான் அமுக்கறப்பவே ஏறித்தான் இருந்துச்சு. விசில் ஊதின மாதிரி உன் விரலுக்குத்தான் அவசரம்" என்றார் ரெத்தினம் ஐயா.

கூடைக்குள் இருந்த பங்குகளின் மதிப்பு அன்று அசையவே இல்லை. அந்த நேரத்தில் அந்தச் சின்னக் கூடையை விற்கக் காத்திருந்தவர்கள் சிலர்தான். என்ன விலையானாலும் சரி என்று நாங்கள் அத்தனை பேரும் ஒன்றாகப் போய்க் கேட்டதால் விலை ஏறியது. சற்று நேரத்தில் பழைய இடத்துக்கே இறங்கிவிட்டது. எங்களுக்கு எதிராக நாங்களே ஏலம் கேட்டிருந்தோம்.

மறுநாள் காலை ஆசிரியர் அறையில் தாங்கள் எழுந்து நின்றீர்கள். "தப்பு என்னோடது. எல்லாத்தையும் மணியடிச்சுச் செய்யற பழக்கம் எனக்கு. இனிமே ஆளுக்கொரு நாள் வாங்குங்க. இந்த விலைக்கு மேல வேண்டாம்னு நீங்களே விலையைப் போட்டு வாங்குங்க." ஈடாக எங்கள் எல்லோருக்கும் பாதாம்பால் வரவழைத்தீர்கள். அதைக் குடித்தபடிதான் நாகநாதன் அந்தக் கூடையில் எவையெல்லாம் கிடையாது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். "அப்ப சாராயக் கம்பெனியும் இல்லையா? வீட்ல சொல்லிடறேன், நான் அதை விட்டுட்டேன்னு!"

வருடங்கள் ஓடின. தொற்று வந்த ஆண்டில் சந்தை விழுந்தபோது எங்களில் சிலர் பதறி விற்றோம். ஜஸீலா தொடவில்லை. பிறகு அது எழுந்து, நன்றாகவே வளர்ந்தது. ஹஃப்ஸா பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த வாரம், யாரும் கூப்பிடாமல் தாங்களே அலுவலகத்துக்குப் போனீர்கள்.

"இனிமே மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா வித்து வெளில எடும்மா. பன்னெண்டாவது முடியறதுக்குள்ள முதல் ரெண்டு வருஷத்து ஃபீஸ் உன் கையில இருக்கணும்."

"இப்பத்தானே டீச்சர் நல்லா ஏறுது?"

"ஆமா, ஏறுது. எடு."

அதைத் தொலைபேசியில் கேட்ட சமீருக்குப் பிடிக்கவில்லை. "உங்க டீச்சர் ரிட்டயர் ஆகப் போறவங்க, பயந்த ஆளு. எங்க கடைப் பசங்க எல்லாம் இப்பத்தான் பணத்தை உள்ள போடுறானுங்க. விக்காத." ஜஸீலா இரண்டு மாதம் தயங்கினார். பிறகு விற்கத் தொடங்கினார். பணத்தை வங்கியில் போட்டு, அதற்கு வந்த வட்டியை எடுத்து ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டார்.

ஜஸீலா விற்க விற்கச் சந்தை ஏறிக்கொண்டே போனது. இறங்கியிருந்தால் தங்களுக்கு நல்ல பெயர் கிடைத்திருக்கும். அது இறங்கவில்லை. "நீங்க வித்த விலையைப் பாத்தா எனக்கே வயிறு எரியுதும்மா" என்று நாகநாதன் போகிறபோக்கில் சொன்னது ஜஸீலாவுக்குத் தைத்துவிட்டது. பொங்கல் விடுமுறை முடிந்து வந்த அன்று கைபேசியோடு தங்கள் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"பாருங்க டீச்சர். வித்ததை எல்லாம் வச்சிருந்தா இன்னிக்கு ஹாஸ்டல் செலவும் சேந்து வந்திருக்கும்."

"வந்திருக்கும்மா."

"அவ்வளவுதானா? வேற ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?"

"ஏறும்னு எனக்குத் தெரியாது. இறங்கும்னும் தெரியாது. ஹஃப்ஸா காலேஜ் சேர்ற மாசம் மட்டுந்தான் எனக்குத் தெரியும்."

சாக்குச் சொல்கிறார் என்றுதான் ஜஸீலாவுக்குத் தோன்றியது. அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டார். கையெழுத்துக்கு வரவேண்டிய தாள்கள் வேறு கைகளில் வந்தன. ஹஃப்ஸாவின் மதிப்பெண்ணைத் தாங்கள் நாகநாதனிடம் விசாரித்தீர்கள். அவர் போய்க் கேட்டு வந்து சொன்னார். "எனக்கு இங்க பி.டி. வேலையா, தபால்காரர் வேலையா?" என்று அலுத்துக்கொண்டாலும் ஒருமுறைகூட அவர் தட்டவில்லை.

அந்தக் கோடையில் சமீர் வேலை பார்த்த கடை வேறு கைக்கு மாறியது. சம்பளம் நின்றுபோனது. திருச்சியில் கட்டடக்கலை படிக்க ஹஃப்ஸாவுக்கு இடம் கிடைத்த அன்று மாலை சமீர் தொலைபேசியில் பேசினார். "இந்த வருஷம் கும்பகோணத்துல ஏதாச்சும் டிகிரில சேத்துவிடு ஜஸீலா. கட்டடக்கலையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். இப்ப என்னால அனுப்ப முடியாது."

"பணம் இருக்கு."

"எந்தப் பணம்?"

"நீங்க விக்காதன்னு சொன்ன பணம்."

அம்மாவும் மகளும் திருச்சிக்குப் போய்க் கட்டணத்தைக் கட்டி ரசீது வாங்கினார்கள். அந்த வாரம் சந்தை ஏறியதா, இறங்கியதா என்று ஜஸீலா பார்க்கவே இல்லை. பார்க்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை என்று பிற்பாடு எங்களிடம் சொன்னார். மிச்சம் இன்னும் கூடையில் இருக்கிறது. அடுத்த ஆண்டுகளுக்கு உரியதை இப்போது யாரும் சொல்லாமல், கட்டணம் கட்டும் மாதத்தைப் பார்த்து அவரே முன்கூட்டி எடுத்துவருகிறார்.

ஹஃப்ஸாவை விடுதியில் விட்டு வந்த அடுத்த திங்கட்கிழமை அசோகா அல்வாவோடு ஜஸீலா தங்கள் அறைக்கு வந்தார். "டீச்சர்..." என்று ஆரம்பித்தார். "ஹாஸ்டல்ல சாப்பாடு எப்படியாம்?" என்று கேட்டீர்கள். அடுத்த வாரம் மறுபடி ஆரம்பித்தார். "வரைபலகை வாங்கியாச்சா?" என்றீர்கள். ஜஸீலா வாயைத் திறக்கும்போதெல்லாம் ஹஃப்ஸாவைப் பற்றி ஒரு கேள்வி தங்களிடம் தயாராக இருந்தது. ஓராண்டாக இப்படியே நடக்கிறது.

அன்புக்குரியவரே! கண்ணொளி குன்றாமல், கால் வலி அண்டாமல், காலையில் அவசரமில்லாத காப்பியோடு தாங்கள் நீண்ட காலம் நலமாக வாழ வேண்டும். அண்ணன்மார் அழைத்தால் அமெரிக்காவுக்குப் போய் வாருங்கள். குளிர் தொடங்குமுன் திரும்பிவிடுங்கள். எங்கள் பிள்ளைகள் கல்லூரி சேரும் மாதங்களையும் தங்களிடம் சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது.

இந்த மடலை வாசிக்க ஆள் தேடியபோது ஜஸீலா தாமே முன்வந்தார். தம்மை வேறொருவர் போலப் பாவித்து இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டிருப்பவர் அவர்தான். இதற்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறோம். மடலுக்குக் கண்ணாடிச் சட்டமிட்ட பிறகும் அது வெறுமையாகவே இருக்கும். இந்த இடத்தில் அவர் தாளைத் தாழ்த்திவிட்டு, ஓராண்டாகச் சொல்ல வந்ததைத் தங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வார். டீச்சர், தயவுசெய்து நடுவில் கேள்வி கேட்காதீர்கள்.



தங்களோடு பணியாற்றியதைப் பேறாகக் கருதும்
ஆசிரியர்கள், அலுவலர்கள்
சோழசூடாமணி மேல்நிலைப் பள்ளி, குடவாசல்